எண்ணும் சரக்கும்



சென்ற மாதம் ஒரு நாள் மாலை, மூலக்கொத்தளத்தில் வாழும் நம் அன்பர் ஒருவர் பங்கு மனைக்கு வந்தார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் லாரியின் ஓட்டுநர் அவர். இரவெல்லாம் எண்ணூர் சாலையில் வண்டிகளின் வரிசையில் காத்து நின்ற களைப்பு முகத்தில் தெரிந்தது. கையில் இரண்டு தாள்கள் இருந்தன. பொறியியற் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயிலும் மகளுக்குக் கணிப்பொறி வாங்குவதற்காக, ரிச்சி தெருவில் இரண்டு கடைகளில் எழுதி வாங்கிய விலைப் பட்டியல்கள் அவை.

"ஃபாதர், இதைக் கொஞ்சம் பாருங்க. ரெண்டு பேப்பர்லயும் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரே நம்பர்தான் போட்டிருக்கு. ஆனா இந்தக் கடையில மட்டும் பல ஆயிரம் ஜாஸ்தி சொல்றாங்க. ஏமாத்தப் பாக்குறாங்கதானே?"

தாள்களை வாங்கிப் பார்த்தோம். இரண்டிலும் 'ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ.' என்றே எழுதியிருந்தது. ஒரே பெயர், ஒரே எண். விலையில் மட்டும் பெரும் வேறுபாடு. "ஆமாம், ஏமாற்றுதான், மலிவானதையே வாங்கும்" என்று சொல்ல நாவு எழுந்தது. ஆயினும் பழைய நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டோம். அந்நிகழ்ச்சியை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுவதே முறை.

2019-ஆம் ஆண்டு. கலியாண வீடுகளில் எடுக்கும் வீடியோக்களைக் கணிப்பொறியில் வெட்டி ஒட்டித் தொகுத்துக் கொடுக்கும் தொழிலை இளைஞன் ஒருவன் அப்பொழுதுதான் தொடங்கியிருந்தான். காசிமேட்டில் மீன் வாங்கித் தெருவில் விற்கும் அவன் தாயார், சீட்டுப் பணத்தை எடுத்து அவன் கையில் கொடுத்திருந்தார். பழைய 'ஜி.டி.எக்ஸ். 960' அட்டை ஒன்றும், புதிய 'ஜி.டி. 1030' அட்டை ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைப்பதாகவும், எதை வாங்கலாம் என்றும் நம்மைக் கேட்டான். குருமடத்தில் தர்க்கம் பயின்றவரல்லவா நாம்? "960-ஐக் காட்டிலும் 1030 பெரிது, அதுவும் புதியது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றோம். அவனும் நம் சொல்லைத் தட்டாமல் வாங்கிவிட்டான்.

விளைவு யாதெனில், ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை விடிய விடிய ஓடிற்று. அந்தக் கலியாணப் பருவத்தில் குறித்த நாளுக்கு வீடியோவைக் கொடுக்க இயலாமல் இரண்டு குடும்பங்களிடம் சொல் கேட்டான். பின்னர் அட்டையை நட்டத்துக்கு விற்று, அதே 960-ஐத் தேடி வாங்கினான். நம்மிடம் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. மாதங்கள் பல சென்ற பிறகு வேறொருவர் மூலமாகவே இது நமக்குத் தெரிந்தது. தாயாரின் சீட்டுப் பணத்தில் ஒரு பகுதியைக் கரைத்தது நம் அறியாமை.

இப்பொழுது அந்த இளைஞனுக்கே ஆள் அனுப்பினோம். இன்று அவன் சொந்தமாக ஒரு சிறு தொகுப்புக் கூடம் நடத்துகிறான். ஓட்டுநரின் மகளும் வந்து சேர்ந்தாள். அன்று மாலை பங்கு மனைத் திண்ணையில் அவர்கள் பேசியதிலிருந்தும், பின்னர் நாமாகப் படித்து அறிந்ததிலிருந்தும் நம் குடும்பங்களுக்குப் பயன்படுவனவற்றைக் கீழே தருகிறோம். பிள்ளைகள் பட்டியலோடு வந்து நிற்கையில், பெற்றோர் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதிருக்க இது உதவும்.

முதலில், இந்த அட்டை செய்யும் வேலை என்ன? சாதாரணக் கணிப்பொறித் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். படம் அசைவதாகத் தோன்ற, வினாடிக்கு 60 தடவை அவை அத்தனைக்கும் நிறம் கணக்கிட வேண்டும். அதாவது, ஒரு வினாடியில் 12 கோடிக்கு மேற்பட்ட கணக்குகள். கணிப்பொறியின் தலைமைச் சிப் திறமை மிகுந்த ஒருசில கணக்கர்களைக் கொண்ட அலுவலகம் எனலாம். கிராபிக்ஸ் கார்டோ, எளிய கணக்கு மட்டுமே தெரிந்த ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் பட்டறை. அந்த ஆயிரக்கணக்கானோரைத்தான் 'கோர்' என்கிறார்கள். அவர்கள் கணக்குப் போடுவதற்கான பொருள்களை அடுக்கி வைக்கும் இடம், அட்டையின் மேலேயே அமைந்த நினைவகம், அது ஜி.பி. என்னும் அளவால் குறிக்கப்படும். செயற்கை நுண்ணறிவுக்கு வேண்டிய கணக்குகளும் இவ்வகைப்பட்டனவே. ஆதலால், முன்பு விளையாட்டுப் பிள்ளைகள் மட்டும் கேட்ட அட்டையை இன்று கல்லூரி மாணவரும் கேட்கின்றனர்.

நிற்க. எண்ணுக்கு வருவோம். இளைஞன் விளக்கத் தொடங்குமுன் ஓட்டுநரைப் பார்த்து, "அண்ணே, கன்டெய்னர் கதவுல 45ஜி1-ன்னு எழுதியிருந்தா, அது நாற்பத்தஞ்சு அடிப் பெட்டியா?" என்று கேட்டான்.

ஓட்டுநர் சிரித்துவிட்டார். "அது எப்படி? நாலுன்னா நாற்பது அடி நீளம். அஞ்சுன்னா ஒசரமான பெட்டி, ஒம்போதரை அடி. 22ஜி1-ன்னா இருபது அடி, எட்டரை அடி ஒசரம். புதுசா வர்ற கிளீனர் பசங்கதான் நாற்பத்தஞ்சுன்னு சேர்த்துப் படிப்பானுங்க."

"இந்தக் கார்டு நம்பரும் அப்படித்தாண்ணே. சேர்த்துப் படிக்கக் கூடாது; பிரிச்சிப் படிக்கணும்."

இதுவே இந்த விஷயத்தின் திறவுகோல். 5060 என்பதை ஐயாயிரத்து அறுபது என்று படிப்பது பிழை. அதை 50 என்றும் 60 என்றும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். முன்பாதி தலைமுறையைக் குறிக்கும். பின்பாதி அந்தத் தலைமுறைக்குள் அட்டைக்குரிய படியைக் குறிக்கும். என்விடியா நிறுவனத்தின் ஜீஃபோர்ஸ் அட்டைகளில் 10-ஆம் வரிசை 2016-இலும், 20-ஆம் வரிசை 2018-இலும், 30-ஆம் வரிசை 2020-இலும், 40-ஆம் வரிசை 2022-இலும், 50-ஆம் வரிசை 2025-இலும் வெளிவந்தன. பின்பாதியில் 50 என்பது கீழ்ப்படி, 60 நடுப்படி, 70, 80, 90 என்பன மேலே மேலே உள்ள படிகள். எண்ணின் பின்னே வரும் 'டி.ஐ.', 'சூப்பர்' போன்ற ஒட்டுகள், அதே எண்ணுடைய அட்டையைவிட இது சற்று மேம்பட்டது என்பதற்கு அடையாளம்.

இதிலிருந்து பெறப்படுவது என்ன? ஒரே தலைமுறைக்குள் மட்டுமே எண்ணை ஏறக்குறைய நம்பலாம். 5070-ஐவிட 5080 வலியது. 3060-ஐவிட 3070 வலியது. தலைமுறை மாறிவிட்டாலோ, பெரிய எண் வெல்லும் என்ற உறுதி இல்லை. 2020-இல் வந்த 3080-இல் 8,704 கோர்கள் உண்டு; 2023-இல் வந்த 4060-இல் 3,072 மட்டுமே. புதிய தலைமுறையின் ஒவ்வொரு கோரும் விரைந்து வேலை செய்யும் என்பது மெய்தான். ஆயினும் எண்ணால் சிறிய 3080-தான் இவ்விரண்டில் தெளிவாக வலியது. வயதில் மூத்த பேராசிரியரையும், புதிதாய் வந்த முதலாண்டு மாணவரையும் சேர்ந்த ஆண்டை வைத்து ஒப்பிடலாகுமா?

நாம் 2019-இல் செய்த பிழையும் இதுவே. 1030 என்பது 10-ஆம் தலைமுறையின் கீழ்ப்படிகளுள் ஒன்றான 30. 960 என்பது 9-ஆம் தலைமுறையின் நடுப்படியான 60. முன்னதில் 384 கோர்கள், பின்னதில் 1,024. அதுமட்டுமா? வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்வதற்கென்றே 960-இல் தனியாக ஓர் உறுப்பு இருந்தது. 1030-இல் அவ்வுறுப்பு அறவே இல்லை. வீடியோத் தொழில் செய்பவனுக்கு, அத்தொழிலுக்கான கருவியே இல்லாத அட்டையைப் பெரிய எண் என்று சொல்லி வாங்கச் செய்தோம்.

இன்னும் ஒன்று. அதே 1030 என்னும் பெயரில் 2018-இல் வேறொரு வகையும் கடைக்கு வந்தது. முதல் வகையின் நினைவகம் வினாடிக்கு 48 ஜி.பி. அளவு செய்தியைக் கொண்டுசெல்ல வல்லது. இரண்டாவது வகைக்கு 16.8 ஜி.பி. மட்டுமே இயலும், மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக் கொள்ளலாம். அட்டைப்பெட்டியின் மேல் பெயர் ஒன்றுதான், 'டி.டி.ஆர். 4' என்ற சிறு எழுத்து மட்டுமே வேறுபாடு. நம் இளைஞனிடம் வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது வகை.

பெயர்களின் இந்தக் குழப்பம் நேற்று இன்று தோன்றியதன்று. 2002-இல் 'ஜீஃபோர்ஸ் 4 எம்.எக்ஸ்.' என்ற பெயரில் விற்ற அட்டை, உள்ளமைப்பில் முந்திய ஜீஃபோர்ஸ் 2-ஐ ஒட்டியதே. ஜீஃபோர்ஸ் 3-இல் இருந்த முக்கியத் திறன் கூட அதில் இல்லை. 2007-இல் 8800 ஜி.டி. என்று வந்தது, 2008-இல் பெரும் மாறுதல் எதுவுமின்றி 9800 ஜி.டி. என்ற புதுப் பெயர் சூடிற்று. 2022-இல் நடந்ததோ யாவரும் அறிந்தது. 4080 என்ற ஒரே எண்ணில் 16 ஜி.பி. அட்டை, 12 ஜி.பி. அட்டை என இரண்டை என்விடியா அறிவித்தது. நினைவகம் மட்டுமே வேறு என்று வாங்குவோர் நினைக்கக்கூடும். உண்மையில் முதலாவதில் 9,728 கோர்களும், இரண்டாவதில் 7,680 கோர்களுமே இருந்தன. உலகெங்கும் எதிர்ப்பு எழவே, பெயர் சரியில்லை என்று அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, அக்டோபர் மாதத்தில் 12 ஜி.பி. அட்டையை விற்பனைக்கு வருமுன்பே திரும்பப் பெற்றது. 2023 ஜனவரியில் அதே அட்டை 4070 டி.ஐ. என்ற பெயரில், அறிவித்ததைக் காட்டிலும் 100 டாலர் குறைந்த விலைக்கு வந்தது. பொருள் அதுவே, பெயர் இறங்கியது, விலையும் இறங்கியது. வாங்குவோர் விழிப்பாயிருந்தால் விற்போரும் திருந்துவர் என்பதற்கு இது நல்ல சான்று.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரேடியான் அட்டைகளுக்கு எண் வரிசை வேறு. 2023-இல் வந்த ரேடியான் 7600-ஐ ஜீஃபோர்ஸ் 5060-உடன் வைத்து, ஏழு பெரிதா ஐந்து பெரிதா என்று பார்ப்பது, இரண்டு கல்லூரிகளின் வகுப்பு எண்களை ஒப்பிடுவது போன்றது. 2025-இல் வந்த ரேடியான் 9070-இலோ, பின்பாதி எண் போட்டியாளரின் 70-ஆம் படியோடு ஒத்து நிற்கும்படி அந்நிறுவனமே பெயரை மாற்றி அமைத்துக்கொண்டது. எண் என்பது அளந்து கண்ட அளவன்று, விற்பவர் சூட்டிய பெயரே என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மடிக்கணினி வாங்குவோர் இன்னும் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். மேசைக் கணிப்பொறிக்கான 4090 அட்டையில் 16,384 கோர்கள். அதே 4090 பெயரை மடிக்கணினியில் தாங்கியிருக்கும் சிப்பில் 9,728 மட்டுமே. மேலும், மடிக்கணினிக்கான 4060 சிப், தயாரிப்பாளர் விடும் மின்சக்தியைப் பொறுத்து 35 வாட் முதல் 115 வாட் வரை வெவ்வேறு அளவில் இயங்கும். மெல்லியதாக, அழகாக இருக்கும் மடிக்கணினியும், கனத்த மடிக்கணினியும் ஒரே எண்ணைத் தாங்கியிருந்தும் வேலையில் ஒன்றாக இரா.

இனி, நம் ஓட்டுநரின் இரண்டு தாள்கள். இளைஞன் அவற்றை விளக்கடியில் வைத்துப் பார்த்தான். கூடுதல் விலை எழுதிய கடைக்காரர், எண்ணுக்குப் பக்கத்தில் '16 ஜி.பி.' என்று எழுதியிருந்தார். மலிவாகச் சொன்ன கடையின் தாளில் நினைவகம் பற்றிப் பேச்சே இல்லை. அங்கேயே கைப்பேசியில் அழைத்துக் கேட்டபொழுது, "8 ஜி.பி. சார்" என்று பதில் வந்தது. 5060 டி.ஐ. என்ற பெயரில் 2025 ஏப்ரலில் இரண்டு அட்டைகள் வந்துள்ளன. இரண்டிலும் 4,608 கோர்களே. நினைவகம் மட்டும் ஒன்றில் 8, மற்றொன்றில் 16. ஆக, ஏமாற்றுபவர் என்று நாம் தீர்ப்பளிக்க இருந்தவர்தான் முழு விவரத்தையும் எழுதிக் கொடுத்தவர்!

"அப்போ நம்பரைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லையா?" என்றார் ஓட்டுநர்.

"கன்டெய்னர் நம்பரைப் பார்த்து உள்ள எவ்ளோ வெயிட்டுன்னு சொல்லுவீங்களாண்ணே?"

அவர் சற்று யோசித்தார். "நம்பர் பெட்டி யாரோடதுன்னு சொல்லும். எவ்ளோ ஏத்தலாம்னு கதவுல தனியா எழுதியிருக்கும். அதைப் பார்த்துத்தான் ஏத்துவோம்."

"கார்டுக்கும் அப்படி ஒரு கதவு இருக்கு. தயாரிச்ச கம்பெனியோட விவரப் பட்டியல். கோர் எத்தனை, மெமரி எத்தனை, என்ன வகை, எத்தனை வாட்டு. எல்லாம் அதுல இருக்கும்."

பிறகு அவன் பெண்ணிடம் திரும்பி, நாம் 2019-இல் கேட்க மறந்த கேள்வியைக் கேட்டான்: "நீ என்ன வேலை செய்யப் போறம்மா?"

அவள் தன் திட்டத்தைச் சொன்னாள். துறைமுக வாயிலில் எடுக்கும் படங்களிலிருந்து கன்டெய்னர் எண்களைத் தானாகப் படிக்கக் கணிப்பொறியைப் பழக்குவது அவளுடைய கல்லூரி வேலை. அதற்கு 8 ஜி.பி. போதும், சற்று மெதுவாக நடக்கும், அவ்வளவே. ஆனால் அடுத்த ஆண்டில் மொழியைக் கையாளும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க விரும்புகிறாள். அவள் கணக்கிட்டுக் காட்டினாள்: 700 கோடி எண்களைக் கொண்ட ஒரு மாதிரி, எண் ஒன்றுக்கு 2 பைட், மொத்தம் 14 ஜி.பி. அதை 8 ஜி.பி. அட்டையில் அப்படியே ஏற்ற இயலாது. சுருக்கி ஏற்றலாம், சுருக்கச் சுருக்க நுட்பம் சிறிது குறையும். 16 ஜி.பி. அட்டையில் அது முழுமையாக அடங்கும்.

"கிரேன் எத்தனை இருந்தாலும் யார்டுல இடம் இல்லேன்னா வண்டி ரோட்டுலதான் நிக்கும்," என்றார் ஓட்டுநர். நாம் ஒரு பக்கம் எழுதி விளக்க நினைத்ததை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பணத்துக்கு வழி? அதையும் அந்தத் தாளிலேயே கண்டார்கள். பல வண்ண விளக்குகள் எரியும் கண்ணாடிப் பெட்டி, ஒளிரும் விசிறிகள், இரண்டாவது திரை என்று எழுதியிருந்தவற்றை அந்தப் பெண்ணே கோடிட்டு நீக்கினாள். சாதாரணப் பெட்டி, ஒரே திரை. அதில் மிஞ்சிய தொகை, நினைவகத்தின் கூடுதல் விலையைப் பெரும்பாலும் ஈடு செய்தது. வட்டிக்குக் கடன் வாங்கும் அவசியம் நேரவில்லை.

கடைக்குச் செல்லும் குடும்பங்கள் நினைவில் கொள்ள வேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்கிறோம்.

முதலாவது, வேலை என்ன என்று கேளுங்கள். பாடம் படிக்கவும், கணக்கு எழுதவும், தட்டச்சு செய்யவும், தேர்வுக்கு விண்ணப்பிக்கவும் தனி அட்டையே வேண்டாம். தலைமைச் சிப்புடன் சேர்ந்தே வரும் வரைகலைத் திறன் போதுமானது.

இரண்டாவது, பட்டியலில் முழுப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். முன்னெழுத்து, எண், ஒட்டு, நினைவகத்தின் அளவு, அதன் வகை ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். பெயர் முழுமையாக இல்லாத இரண்டு பட்டியல்களின் விலையை ஒப்பிடுவதில் பொருளில்லை.

மூன்றாவது, எண்ணை இரண்டாகப் பிரித்துப் படியுங்கள். தலைமுறையும் நிறுவனமும் ஒன்றாயிருந்தால் மட்டுமே எண்ணால் ஒப்பிடுங்கள். வேறாயிருந்தால், இரண்டு அட்டைகளையும் ஒரே வேலையில் ஓட்டிப் பார்த்துச் சோதித்தவர்கள் வெளியிட்ட முடிவுகளைப் பிள்ளைகளைக் கொண்டு தேடிப் படியுங்கள். விளையாட்டில் வெல்லும் அட்டை வீடியோ வேலையில் தோற்கலாம்.

நான்காவது, மின்சாரம். 5060 டி.ஐ. அட்டை 180 வாட் வரை இழுக்கும். 600 வாட் மின்வழங்கியைத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கிறார். பழைய கணிப்பொறியின் பெட்டியும் மின்வழங்கியும் புதிய அட்டையைத் தாங்குமா என்று முன்கூட்டியே பாருங்கள்.

ஐந்தாவது, பழைய அட்டை வாங்கினால், விற்பவர் முன்னிலையில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். புதியதாயின், ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

இருட்டிய பிறகு தந்தையும் மகளும் விடைபெற்றுச் சென்றனர். இளைஞனை வாசல் வரை அழைத்துச் சென்றோம். "தம்பி, அன்று நாம் சொன்ன யோசனையால் உனக்கும் உன் தாயாருக்கும் வந்த நட்டம்…" என்று தொடங்கினோம். அவன் நம்மை முடிக்க விடவில்லை.

"அதை விடுங்க ஃபாதர். அந்தக் கார்டாலதான் ஒவ்வொரு கார்டையும் படிச்சிப் பாக்கக் கத்துக்கிட்டேன். அம்மாவுக்கும் அந்தப் பணத்தை எப்பவோ குடுத்துட்டேன்," என்று சொல்லி வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

அவன் பெருந்தன்மை அது. நம்மைப் பொறுத்தவரை ஒரு தீர்மானம் செய்துகொண்டோம். இனி எவரேனும் பட்டியலோடு வந்து கேட்டால், எண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். "என்ன வேலைக்கு?" என்றுதான் முதலில் கேட்போம். விடை நமக்குத் தெரியாதிருப்பின், தெரிந்தவர் நம் தெருவிலேயே இருக்கிறார். ஆள் அனுப்பினால் வருவார்.